ரிமோட்டுக்கு லிப்போ: எட்டு செல்லில் இருந்து மூன்று செல்லுக்கு

என்னிடம் இருப்பது பழைய ஆறு சேனல் டிரான்ஸ்மிட்டர். பின்பக்க மூடியைத் திறந்தால் எட்டு பென்டார்ச் செல் போடும் கூடு. உள்ளே இருந்த பழைய ரேடியோ மாட்யூலைக் கழற்றிவிட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். குச்சிகளின் பிடிப்பு கைக்குப் பழகிவிட்டதால் புதுசு வாங்க மனசு வரவில்லை.

போன வருஷம் செங்கல்பட்டு பக்கம் ஒரு காய்ந்த ஏரியில் என் தெர்மோகோல் கிளைடரைப் பறக்கவிட்டபோது, மேலே போயிருந்த விமானம் திடீரென்று என் பேச்சைக் கேட்காமல் போய்விட்டது. திரையைப் பார்த்தால் டிரான்ஸ்மிட்டர் அணைந்து மறுபடி முதலில் இருந்து எழுந்துகொண்டிருக்கிறது. மொத்தம் நான்கைந்து நொடி இருக்கும். அதற்குள் கிளைடர் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. பையன் சிரித்தான். எனக்குத்தான் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். செல்கள் நன்றாகத்தான் இருந்தன. கூட்டில் இருந்த ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. சென்னைக் கடல் காற்றுக்கு இது புதிதல்ல. எட்டு செல் என்றால் பதினாறு தொடுமுனை, எல்லாம் தொடர் இணைப்பு. அதில் ஒன்று ஒரு கணம் விட்டாலும் மொத்த சுற்றும் போச்சு. அதனால் "லிப்போ போட்டால் நேரம் அதிகம் வரும்" என்பது என் காரணம் இல்லை. நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லே 2000 மில்லி ஆம்பியர்-மணி தருகிறது. என் டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 180 மில்லி ஆம்பியர், அதிலேயே பதினோரு மணி நேரம் ஓடும். எனக்கு வேண்டியிருந்தது ஸ்பிரிங் இல்லாத, சால்டர் செய்த இணைப்பு. விமானத்துக்கென்று வாங்கிய 2200 மில்லி ஆம்பியர்-மணி 3எஸ் லிப்போ ஒன்று சும்மா கிடந்தது. அதையே போட்டுவிடலாம் என்று தோன்றியது.

முதல் கேள்வி, வோல்டேஜ் தாங்குமா? நிக்கல் செல் எட்டு என்றால் 9.6 வோல்ட். லிப்போ மூன்று செல், பெயரளவில் 11.1, முழு சார்ஜில் 12.6. மூன்று வோல்ட் கூடுதல் என்று பயப்பட வேண்டியதில்லை. இதே கூட்டில் சாதாரண டிரை செல்லும் போடலாம் என்று கையேட்டில் இருக்கிறது. எட்டு டிரை செல் 12 வோல்ட், புத்தம் புதிதாக இருந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே. ஆக, செய்தவர்களே 12 வோல்ட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது 5 வோல்ட் லீனியர் ரெகுலேட்டர். மிச்ச வோல்டேஜை அது வெறும் சூடாகத்தான் கழிக்கும். 9.6 வோல்ட்டில் 0.83 வாட், 12.6 வோல்ட்டில் 1.37 வாட். அரை மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடிந்தது. உங்கள் கையேடு டிரை செல் கூடாது என்று சொன்னால் இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

செல் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பேட்டரி ஒயரில் ஒரு கனெக்டர் சால்டர் செய்து, லிப்போவை நுரைத் துண்டு வைத்து உட்காரவைத்தேன். பறந்தது. நன்றாகவே பறந்தது. ரொம்ப சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் தப்பு.

ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் காலைக்காகப் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, டிரான்ஸ்மிட்டரில் வைத்து மூடி, ஹால் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். தம்பி ஊரில் இருந்து வந்திருந்தான். இந்த டிரான்ஸ்மிட்டரில் பறக்கக் கற்றுக்கொண்டவன். காலை ஐந்து மணிக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "அண்ணே, நேத்து ராத்திரியே ரிமோட்டை சார்ஜ்ல போட்டுட்டேன், கிளம்பலாம்" என்றான்.

மூடி தூக்கிக்கொண்டு நின்றது. பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் 13.5 வோல்ட், அதாவது ஒரு செல்லுக்கு 4.5. லிப்போவின் எல்லை 4.2. அந்த மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் அம்மாவின் கட்டில்.

தம்பியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பத்து வருஷமாக அந்த ஓட்டையில் அந்த சார்ஜரைத்தான் மாட்டியிருக்கிறோம். நிக்கல் செல்லுக்கான அந்தக் குட்டி சார்ஜர் 50 மில்லி ஆம்பியரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், எப்போது நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. நிக்கல் செல் அந்தச் சிறு மிச்சத்தைச் சூடாக்கிக் கழித்துவிடும். லிப்போவுக்கு அந்த வழி கிடையாது. அதை 4.2 வோல்ட்டில் பிடித்து நிறுத்தி, கரண்ட் தானாகக் குறைந்து வரும்வரை காத்திருந்து அறுத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம், 50 மில்லி ஆம்பியர், ஏற்கெனவே நிரம்பிய பேட்டரிக்குள் இன்னும் 400. தீப்பிடிக்காதது என் புண்ணியம். உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு வெளியே ஓட்டையை அப்படியே விட்டது நான்தான். சாஃப்ட்வேரில் இதே தப்பை ஜூனியர் பையன் செய்தால் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன்.

(அந்தப் பேட்டரியை மொட்டை மாடியில் மணல் மேல் வைத்து, 12 வோல்ட் சின்ன பல்பை மாட்டி, தள்ளி நின்று காலியாக்கினேன். பிறகு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தேன். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.)

இரண்டாவது முறை யோசித்துச் செய்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் ஒரு சாதாரண 1என்4007 டையோடு. இரண்டு ரூபாய் சமாச்சாரம். பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஒன்றும் ஆகாது. வெளியில் இருந்து எந்தக் கரண்டும் பேட்டரிக்குள் போகாது. தன் பங்குக்கு 0.75 வோல்ட்டை விழுங்கிக்கொள்வதால் 12.6 என்பது போர்டுக்குப் போகும்போது 11.85 ஆகிவிடும், டிரை செல்லைவிடக் கீழே. ஷாட்கி டையோடு போட்டால் இழப்பு குறையுமே என்று நண்பர் கேட்டார். இங்கே இழப்புதான் வேண்டும்.

ஆனால் டையோடு மட்டும் போதாது. அது பேட்டரியைக் காப்பாற்றும், போர்டைக் காப்பாற்றாது. யாராவது பழைய சார்ஜரை மாட்டி, டிரான்ஸ்மிட்டரையும் ஆன் செய்தால்? சுமை இல்லாமல் அந்த சார்ஜரை அளந்தேன், 17 வோல்ட் காட்டியது. முன்பு பேட்டரி அதை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. இப்போது டையோடு வழியை மறித்துவிட்டதால் அதெல்லாம் நேராக ரெகுலேட்டர் மேல் ஏறும். ஆகவே சார்ஜிங் ஓட்டைக்குப் போகும் இரண்டு ஒயரையும் வெட்டி, ஓட்டையையும் எம்சீல் வைத்து அடைத்தேன். இனி லிப்போ வெளியே வந்துதான் சார்ஜ் ஆகும், பேலன்ஸ் சார்ஜரில், மண்சட்டிக்குள், நான் பக்கத்தில் விழித்திருக்கும்போது.

ஃபியூஸ் ஒன்றும் வேண்டும். டிரான்ஸ்மிட்டர் இழுப்பது 0.2 ஆம்பியர்கூட இல்லை, லிப்போவால் கொடுக்க முடிவது நாற்பதுக்கும் மேல். உள்ளே ஒரு மெல்லிய ஒயர் உரசினால் அது பழுக்கக் காய்ந்துவிடும். 1 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போட்டேன்.

பலரும் கவனிக்காதது அலாரம். டிரான்ஸ்மிட்டரை அளவு மாற்றக்கூடிய பவர் சப்ளையில் மாட்டி வோல்டேஜைக் குறைத்துக்கொண்டே வந்தேன், 8.5 வோல்ட்டில் கத்தியது. எட்டு நிக்கல் செல்லுக்கு அது செல்லுக்கு 1.06 வோல்ட், சரியான எச்சரிக்கை. மூன்று லிப்போ செல்லுக்கு? 2.83. லிப்போவை 3 வோல்ட்டுக்குக் கீழே விட்டால் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், இவ்வளவு குறைந்த கரண்ட்டில் 3.5 வோல்ட்டுக்குக் கீழே லிப்போவின் கோடு மலை உச்சியில் இருந்து உருட்டிவிட்ட கல் மாதிரி இறங்கும். டையோடின் 0.75-ஐச் சேர்த்தால் அலாரம் பேட்டரியின் 9.25 வோல்ட்டில் அடிக்கும், செல்லுக்கு 3.08. பேட்டரி சாகாது. ஆனால் அது அடிக்கும்போது விமானம் மேலே இருந்தால் உடனே இறக்குங்கள், அவ்வளவுதான் நேரம்.

அதனால் பேலன்ஸ் பிளக்கில் மாட்டும் குட்டி பஸ்ஸர் ஒன்றைச் சேர்த்து, 3.5-ல் வைத்தேன். இதிலும் ஒரு அடி வாங்கினேன். அந்த பஸ்ஸர் எல்லா செல்லில் இருந்தும் சமமாகக் கரண்ட் எடுப்பதில்லை. டிரான்ஸ்மிட்டரை அணைத்தாலும் அது அணையாது. இரண்டு வாரம் அலமாரியில் மறந்து விட்டேன், அது கத்திக் கத்தி ஓய்ந்ததும் தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் முதல் செல் 1.9, மற்ற இரண்டும் 3.7. இன்னொரு பேட்டரி போச்சு. இப்போது வீட்டுக்கு வந்ததும் பஸ்ஸரைக் கழற்றுவதுதான் முதல் வேலை.

கையில் லிப்போ இல்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால் 3எஸ் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்குங்கள். முழு சார்ஜில் 11 வோல்ட்டுக்குள் நிற்கும், 8.5 வோல்ட் அலாரமும் அதற்கு ஒத்துவரும், தீப்பிடிக்கும் பயமும் குறைவு. அதற்கேற்ற முறை சார்ஜரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் அதை வாங்காததற்குக் காரணம் கஞ்சத்தனம், இரண்டு பேட்டரி போனபின் கணக்குப் பார்த்தால் அதுவும் இல்லை.

நான்கு செல் போடும் இன்றைய டிரான்ஸ்மிட்டர்களுக்கு இதே வைத்தியத்தைச் செய்யாதீர்கள். அவை 6 வோல்ட்டுக்கானவை, 2எஸ் முழு சார்ஜில் 8.4. நடுவில் ஒரு வோல்டேஜ் குறைக்கும் மாட்யூல் போடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் அந்த மாட்யூல் கடைசி வரை ஒரே வோல்டேஜைக் கொடுத்துக்கொண்டிருக்கும், திரையில் பேட்டரி நிரம்பியதாகவே காட்டும், அலாரம் அடிக்காமலே அணைந்துவிடும். ஆறு செல் போடும் 7.2 வோல்ட் வகைக்கு 2எஸ் நேரடியாகவே பொருந்தி வரும். அங்கும் உள்ளேயே சார்ஜர் இருந்தால் அது நிக்கல் செல்லுக்கானதா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் புதிய பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, விமானம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை மேசை மேல் ஆன் செய்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அலுவலக வேலை பார்த்தேன். பஸ்ஸர் அடித்தது 11 மணி 10 நிமிடத்தில். டிரான்ஸ்மிட்டரின் சொந்த அலாரம் அதற்கு 35 நிமிடம் கழித்து. இந்த இரண்டு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். கீழே தம்பிக்காக ஒரு வரி: "உள்ளே லிப்போ, சார்ஜ் போடாதே."