தொழிற்சங்கங்களும் பிராந்திய சபைகளும்

மலையகத் தொழிற்சங்கங்களின் அத்திவாரம் தோட்டக் கமிட்டியாகும். கொழுந்து நிறுவையில் குறைவு, அரைப்பேர் போடுதல் போன்ற அன்றாடப் பிணக்குகளைத் தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் துரையிடம் பேசித் தீர்ப்பது வழக்கம். சம்பள விடயத்தைத் தலைமையகம் கையாளும். இவ்விரண்டிற்கும் நடுவில் இருக்க வேண்டிய பிராந்திய சபை பற்றியே நாம் இங்கு நோக்குகின்றோம்.

1972 இலும் 1975 இலும் அரசுடைமையாக்கப்பட்ட பெருந்தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 ஆம் ஆண்டு பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பல தோட்டங்கள் ஒரே கம்பனியின் கீழ் வந்தன. முக்கிய முடிவுகள் துரையின் கையை விட்டுக் கம்பனிக்குச் சென்றன. எதிர்த்தரப்பு பல தோட்டங்களை ஒன்றாக நிர்வகிக்கும்போது, தொழிலாளர் தரப்பு தனித்தனித் தோட்டங்களாக நின்று பேசுவது பலவீனமேயாகும்.

சட்டமும் இதனையே உணர்த்துகின்றது. 1999 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, ஒரு சங்கம் எந்தத் தொழிலாளர்களின் சார்பில் பேரம்பேச முற்படுகின்றதோ, அவர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் அதில் அங்கத்தவராக இருந்தால் மட்டுமே அதனைத் தொழில்தருநர் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் பலம் பெற்ற சங்கம், கம்பனி முழுவதற்குமாகப் பேச முன்வரும்போது இந்த எண்ணிக்கையை எட்டாமற் போகலாம்.

2021 ஆம் ஆண்டு சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக நிர்ணயித்ததையடுத்து, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன்பின், ஒரு நாட்பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்ற கேள்வி தோட்டத்திற்குத் தோட்டம் இழுபறியாயிற்று. அயல் தோட்டத்தில் என்ன இணக்கம் ஏற்பட்டது என்பதை அறியாத கமிட்டி, தனக்குரியதைக் கேட்டுப் பெறுவது எவ்வாறு?

பிராந்திய சபையை அமைப்பது கடினமன்று. முதலில் சங்கத்தின் யாப்பில் அதற்கு இடமிருக்க வேண்டும். இல்லையேல் யாப்பைத் திருத்தித் தொழிற்சங்கப் பதிவாளரிடம் பதிய வேண்டும். பின்னர் ஒரே கம்பனியைச் சேர்ந்த அல்லது அயலிலுள்ள தோட்டக் கமிட்டிகள் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றி, சந்தா செலுத்தும் அங்கத்தவர் தொகைக்கேற்பப் பிரதிநிதிகளைத் தெரிவு செய்து அனுப்பலாம். பிற்பாடு இணைய விரும்பும் கமிட்டிக்கும் இதுவே வழியாக இருத்தல் நன்று.

ஆயினும், சபை பெயரளவில் நின்றுவிடாதிருக்க மூன்று விடயங்கள் அவசியமென நாம் கருதுகின்றோம். பிரதிநிதிகள் வாக்கெடுப்பால் தெரிவாக வேண்டும், மேலிருந்து நியமிக்கப்படலாகாது. சந்தாவில் ஒரு பங்கு சபைக்குக் கிடைத்து, அதன் கணக்கு ஆண்டுதோறும் அங்கத்தவர் முன் வைக்கப்பட வேண்டும். கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்களாதலால், சபையிலும் அவர்களுக்கு அதற்கேற்ற இடம் வேண்டும்.

பிராந்திய சபை தமது அதிகாரத்தைக் குறைத்துவிடுமெனத் தலைமைகள் அஞ்சத் தேவையில்லை. பேச்சுவார்த்தை மேசையில் அமரும் தலைவருக்குப் பின்னால் எத்தனை தோட்டங்கள் ஒன்றுபட்டு நிற்கின்றன என்பதைப் பொறுத்ததே அவரது பலம்.