தம்பிக்காக அக்கா நடத்திய சட்டப் போர்!

ஜப்பானில் மரண தண்டனைக் கைதிக்குத் தூக்கிலிடும் தேதியை முன்கூட்டியே சொல்வதில்லை. அன்று காலையில்தான் தெரியும். அறை வாசலில் காலடிச் சத்தம் கேட்டாலே, ‘இன்று நானா?’ என்று உயிர் நடுங்கும். அப்படிப் பல்லாயிரம் காலைகளைக் கடந்தவர் இவாவோ ஹகமாடா. செய்யாத கொலைகளுக்காக ஏறக்குறைய 48 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவர் விடுதலைக்காகக் கடைசிவரை போராடியவர், அக்கா ஹிதேகோ.

1966 ஜூன் 30. ஷிசுவோகா மாகாணத்தில், ‘மிசோ’ எனப்படும் புளிக்கவைத்த சோயா விழுதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாகி, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வர் குத்திக் கொல்லப்பட்டனர். வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. அங்கே வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரர் ஹகமாடாவைப் போலீஸ் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 30. தினமும் சராசரியாக 12 மணி நேர விசாரணை. சுமார் 20 நாள்களில், ‘நான்தான் செய்தேன்’ என்றார். நீதிமன்றத்திலோ, அது மிரட்டி வாங்கிய வாக்குமூலம் என்று மறுத்தார்.

தொட்டிக்குள் வந்த துணிகள்

ஹகமாடா பைஜாமா அணிந்து கொலை செய்ததாகத்தான் முதலில் சொன்னார்கள். 14 மாதங்கள் கழித்து, மிசோ தொட்டிக்குள் ரத்தக்கறை படிந்த ஐந்து துணிகள் ‘கிடைத்தன’. கதை மாறியது. 1968-ல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அந்த பேன்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தொடைக்கு மேல் ஏறவில்லை. ‘மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது’ என்றது அரசுத் தரப்பு. 1980-ல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது.

தண்டனை விதித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நோரிமிச்சி குமமோட்டோ. ‘அவர் நிரபராதி என்றே நம்பினேன், மற்ற இருவரை என்னால் மாற்ற முடியவில்லை’ என்று 2007-ல் அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

சிவப்பு சொன்ன உண்மை

1981-ல் போட்ட முதல் மறுவிசாரணை மனு, 27 ஆண்டுகள் இழுத்து, 2008-ல் தள்ளுபடியானது. தனிமைச் சிறையில் தம்பியின் மனநலம் சிதைந்திருந்தது. அக்காவைச் சந்திக்கவே மறுத்த காலமும் உண்டு. ஹிதேகோ சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டு இரண்டாவது மனுவைப் போட்டார்.

இந்த முறைதான் அந்தத் துணிகளின் வண்ணப் புகைப்படங்கள் வெளியே வந்தன. கறை சிவப்பாக இருந்தது! ஓராண்டுக்கு மேல் மிசோவில் ஊறிய ரத்தம் கறுத்துப் போயிருக்க வேண்டும் எனப் பரிசோதனைகள் காட்டின. டி.என்.ஏ. முடிவுகளும் சேர, 2014 மார்ச்சில் ஹகமாடா வெளியே வந்தார். ஆனால், மறுவிசாரணை உத்தரவை எதிர்த்து அரசுத் தரப்பு முறையிட்டதில் மேலும் ஒன்பது ஆண்டுகள் கரைந்தன.

2024 செப்டம்பர் 26. ‘நிரபராதி’ என்றது ஷிசுவோகா நீதிமன்றம். துணிகளில் ரத்தம் பூசித் தொட்டிக்குள் மறைத்து வைத்தது விசாரணைத் தரப்பே என்றும் தீர்ப்பளித்தது. வர முடியாத நிலையில் இருந்த 88 வயது தம்பிக்குப் பதிலாக, 91 வயது அக்கா தீர்ப்பைக் கேட்டார். பிறகு, மாகாணக் காவல்துறைத் தலைவர் நேரில் வந்து தலைவணங்கி மன்னிப்புக் கேட்டார்.

2025-ல் 21.7 கோடி யென் இழப்பீடு கிடைத்தது. நம் மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய். சிறையில் கழிந்த நாளொன்றுக்கு 12,500 யென். சட்டப்படி அதற்கு மேல் கொடுக்க முடியாது.

அந்தப் படங்கள் முதல் வழக்கிலேயே காட்டப்பட்டிருந்தால்? மறுவிசாரணை கேட்பவருக்குக் கையிலுள்ள ஆதாரங்களை அரசு காட்டியே ஆக வேண்டும் என்று, இந்த வழக்கு நடந்த காலம் முழுவதும் ஜப்பான் சட்டத்தில் தெளிவான விதி இல்லை. அந்த விதி வேண்டும் என்று, தம்பி விடுதலையான பிறகும் ஹிதேகோ கேட்டுக்கொண்டிருக்கிறார்... அடுத்தவர் வீட்டுத் தம்பிகளுக்காக!