தேடுசொல்லும் பலபொருள் ஒருசொல்லும்

இணையத்தில் ஒன்றை நாடுவோர் இரண்டொரு சொற்களைத் தேடுபொறிக்கு இடுகின்றனர். சிலபோது அச்சொற்கள், அவர் கருதியதற்கு முற்றும் அயலான இலக்கியக் கட்டுரையொன்றில் அவரைக் கொண்டு சேர்க்கின்றன. இதனை நகைத்தற்குரிய பிழையெனத் தள்ளுதல் பொருந்தாது. இஃது ஒரு மொழியியல் நிகழ்ச்சி. இதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

‘தோல்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்தார்க்கு அது பதனிட்டு விற்கும் பொருள். நோயாளர்க்கு உடலின் போர்வை. தொல்காப்பியப் புறத்திணையியலில் உழிஞைத் துறையொன்றில் அது கேடகம். செய்யுளியலில் எண்வகை வனப்புள் ஒன்று. விழுமிய பொருளை இனிய மொழியால் கூறுவதும், பரந்த மொழியால் அடி நீண்டு நடப்பதும் தோல் எனப்படும்.

தேடுபொறியின் அடிப்படை சொல்லடைவை ஒத்தது. இன்ன சொல் இன்ன பக்கங்களில் உளது என அது நிரல்செய்து வைக்கும். சொல்லின் வடிவை அஃது அறியும்; பொருளை அவ்வாறு அறியாது. புணர்ச்சியும் இடர் விளைக்கும்: ‘தோற்பொருள்’, ‘தோற்பாவை’ எனத் திரிந்த வடிவங்கள் ‘தோல்’ எனத் தேடுவார்க்கு அகப்படாது போதலும் உண்டு.

பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்பது தொல்காப்பியர் கொள்கை. தோல் அரித்தது எனின் உடற்போர்வை. தோல் பதனிட்டான் எனின் தொழிற்பொருள். தோல் ஏந்தினான் எனின் கேடகம். தோல் யாத்தான் எனின் செய்யுள். தேடுவார் இடும் தனிச்சொல்லிலோ வினை இல்லை. ஆதலின் மயக்கம் நிகழ்கின்றது.

இனம் சேர்ப்பின் மயக்கம் தீருமோ எனின், எப்போதும் தீராது. அம்மை வார்த்த குழந்தையின் தாய் ‘அம்மை, தோல்’ எனத் தேடுகின்றாள் என்க. அம்மையும் வனப்பு எட்டனுள் ஒன்றே. ‘தோல், அழகு’ எனத் தேடினும் இந்நிலையே. அழகும் ஒரு வனப்பு. ஈரிடத்தும் இனச்சொல்லே மயக்கத்தை மிகுவிக்கின்றது. ‘அம்மைத் தழும்பு மறைய மருந்து’ எனச் சார்பு தோன்ற இட்டால் அன்றி வழி தெளியாது.

2019 முதல் கூகுள் நிறுவனம் சொற்களைச் சூழலொடு வைத்துணரும் ‘பெர்ட்’ என்னும் முறையைத் தன் தேடலிற் பயன்படுத்துகின்றது. இது சார்பறிதலை ஒத்த முயற்சியே. எனினும் சொல்லப்படாத சார்பை உறுதியாக அறிதல் பொறிக்கும் அரிது.

முன்னர், வந்தவர் எச்சொல்லால் வந்தார் என்பதைப் பக்கமுடையார் காண முடிந்தது. 2011இல் அந்நிறுவனம் தேடுசொற்களை மறைக்கத் தொடங்கிற்று; 2013இல் அது பெரும்பாலான தேடல்களுக்கும் விரிந்தது. தொகுப்புப் பட்டியல் கிடைப்பினும், வழிதவறி வந்தார் ஒவ்வொருவரையும் இன்று நாம் அறியோம்.

ஆதலின் எழுதுவார்க்கும் ஒரு கடமை உண்டு. வினையால் வேறுபடாத பலபொருள் ஒருசொல்லைக் கிளந்து கூறுக என்பது அவ்வாசிரியர் விதி. ‘தோல்’ என்று மட்டும் தலைப்பிடாது, ‘தொல்காப்பியர் கூறும் தோல் என்னும் வனப்பு’ எனக் கிளந்து தலைப்பிடுக. மருந்து நாடும் தாய்க்கு ஒரு பயனில் பக்கம் குறையும். வனப்பை நாடும் மாணவனுக்கு வழி எளிதாகும்.