வை-பி கோடு முழுசா இருக்கு, நெட் மட்டும் இல்லை! ஜாமரா, நெரிசலா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் தங்கி லேப்டாப்பைத் திறந்தால் வை-பி பட்டியலில் பக்கத்து விடுதி, காபி கடை, வீடு என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். பௌர்ணமி கிரிவலம் என்றால் போவோர் கையிலெல்லாம் போன் வேறு. சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும்; ஒரு மெயில்கூடத் திறக்காது. "எவனோ ஜாமர் வைத்துவிட்டான்" என்று பக்கத்து வீட்டுக்காரரை முறைக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே உட்காருங்கள். கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பிங் கட்டளையை டைப் செய்து, இடைவெளி விட்டு ரூட்டரின் முகவரியைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். இல்லையென்றால் ரூட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். நான்கு பாக்கெட்டுகள் போகும். முடிவில் 'லாஸ்ட்' எத்தனை என்று காட்டும். பல முறை செய்யுங்கள். நான்கும் திரும்பி வந்தால் வை-பி மேல் குற்றமில்லை, வெளியிலிருந்து வரும் இணைப்பில்தான் கோளாறு. ஒன்றிரண்டு தொலைந்தால் நெரிசலாக இருக்கலாம். கோடுகள் முழுசாக இருந்தும் ஏறக்குறைய எல்லாமே தொலைந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் லேன் கேபிள் செருகி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபிளிலும் தொலைந்தால் ரூட்டரே பழுது.

இது நம் கண்டுபிடிப்பு அல்ல. சிக்னல் பலத்தை மட்டும் வைத்து ஜாமிங்கைப் பிடிக்க முடியாது, பாக்கெட் போய்ச் சேரும் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ல் காட்டினார்கள்.

நெரிசலுக்குக் காரணம் எளிது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே இரைச்சல் போடும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

இன்னொரு வகை தொல்லையும் உண்டு. இரைச்சல் எதுவும் இல்லாமலே, "இணைப்பைத் துண்டி" என்ற போலிச் செய்தியை உங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இணைப்பு வரும், போகும், வரும், போகும். நாஷ்வில் நகர ஹோட்டல் ஒன்றில் விருந்தினர்களின் சொந்த வை-பியை இப்படித் தடுத்ததற்காக மேரியட் நிறுவனம் 2014ல் 6 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு மருந்து ரூட்டரிலேயே இருக்கிறது: செக்யூரிட்டி பக்கத்தில் டபிள்யூபிஏ3 தேர்ந்தெடுங்கள்.

பதிலுக்கு நீங்களும் ஜாமர் வாங்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மத்திய அரசின் அனுமதியில்லாமல் தனியார் ஜாமர் வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம்.