ஷேர் ஆட்டோவுக்கு ஏற்ற முழங்கால்

நாவலூரில் காலை எட்டரை மணிக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே இடம் என்பது முட்டியை மடக்கத் தெரிந்தவருக்குத்தான். நாற்காலியில் உட்கார 90 டிகிரி மடங்கினால் போதும். இங்கே போதாது. காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டுக்கு அடியில் செருகினால்தான் எதிரே இருப்பவர் பையை வைக்க முடியும். தொடையோடு கால் எடுக்கப்பட்டு, செயற்கைக் கால் பொருத்தியவர் என்ன செய்வார்? மூட்டு அந்த அளவுக்கு மடங்காவிட்டால் அந்தக் கால் நீட்டிக்கொண்டே வரும். அடுத்தவர் முறைப்பார்.

இந்தச் சங்கடத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு உருவான மூட்டு ஒன்று உண்டு. பெயர் 'கதம்', இந்தியில் காலடி என்று பொருள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்தும் டி.டி.கே. மையத்தில் ('ஆர்2டி2' என்று சுருக்கமாகச் சொல்வார்கள், ஸ்டார் வார்ஸ் பார்த்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்) வடிவமைத்து, பெங்களூரின் மொபிலிட்டி இந்தியா அமைப்போடு சேர்ந்து 2022இல் வெளியிட்டார்கள். 160 டிகிரி வரை மடங்கும். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி இறங்க அந்தக் கூடுதல் டிகிரிகள்தான் கைகொடுக்கின்றன.

சுஜாதா இயந்திரவியல்காரர். அதனால் மோட்டாரும் சிப்பும் தேடிப் போகாமல் கம்பிகளைக் கொண்டே காரியத்தை முடித்திருக்கிறார்கள். மலிவான செயற்கை மூட்டு, வாசல் கதவுக் கீல் மாதிரி. ஒரே ஊசியைச் சுற்றித் திரும்பும். உங்கள் ஃபிளாட்டில் மாடுலர் கிச்சன் இருந்தால் கப்போர்டைத் திறந்து உள்ளே இருக்கும் கீலைப் பாருங்கள். கதவு வெறுமனே திரும்பாது. சற்று வெளியே நகர்ந்துகொண்டே திரும்பும். குட்டித் தகடுகளை ஊசிகளால் கோத்திருப்பதால் வருகிற வித்தை அது. கதம் மூட்டும் இந்தச் சாதிதான். அதன் சுழல்மையம் ஓரிடத்தில் நிற்காமல், மடங்க மடங்க இடம் மாறும்.

அதில் இரண்டு லாபம். காலை ஊன்றும்போது சுழல்மையம் மேலேயும் பின்னாலும் இருக்கிறது. உடம்பின் பாரம் அதற்கு முன்னால் விழுவதால் மூட்டு நேராகவே நிற்கிறது, பொசுக்கென்று மடங்கி ஆளைக் கவிழ்ப்பதில்லை. காலை வீசும்போது முட்டிக்குக் கீழுள்ள பகுதி லேசாக மேலேறுகிறது. நல்ல கால் உள்ளவர்கள் நடக்கும்போதே பெருவிரலுக்கும் தரைக்கும் இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். செயற்கைக் காலுக்கு அந்த இடைவெளி கிடைக்காவிட்டால், பெயர்ந்து நிற்கும் நடைபாதைக் கல் ஒன்றே தடுக்கிவிடப் போதும்.

மூட்டை 30 லட்சம் முறை சுமையேற்றி இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். பெரிய எண்ணாகத் தெரிகிறது. அந்தக் காலால் தினமும் 3,000 அடி வைப்பவருக்கு அது 1,000 நாள் கணக்கு. நான் இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், ஊசிக்குக் குரோம் முலாம், தேயும் இடத்தில் பாலிமர் புஷ் என்று ஏன் அவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று புரிந்தது.

இதே கூடத்திலிருந்து 2019இல் 'அரைஸ்' வந்தது: உட்கார்ந்தவர் தாமாகவே எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலி. அங்கே முளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் 'நியோபோல்ட்' இன்னும் சுவாரசியம். சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் முன்பக்கச் சிறு சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பி, நாற்காலி மூன்று சக்கர மின்வண்டியாகிவிடும். வேகம் மணிக்கு 25 கி.மீ. வரை, ஒரு சார்ஜுக்குச் சுமார் 25 கி.மீ. ஓடும்.

நாவலூரிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போய்த் திரும்ப அந்த பேட்டரி தாராளம். மெட்ரோ வேலைக்காக ஓ.எம்.ஆரில் அடைத்திருக்கும் தகரத் தடுப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே எந்தப் பக்கமாகப் போவது என்பதுதான் பாக்கி.