250 வாட், 25 கிலோமீட்டர், ஒரு த்ராட்டில்

ஈ-பைக் எபிசோட் கேட்டாச்சா? பேசுனதோட சாரம் இதுதான்: வண்டி ஒண்ணுதான், ஆனா ஊருக்கு ஊர் சட்டம் கேக்குற கேள்வி வேற.

இந்தியா கேக்குறது, எவ்வளவு பவர்? மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழேன்னு சோதனை மையம் சான்று தந்திருந்தா, லைசென்ஸும் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டாம். பெடலே இல்லாத த்ராட்டில் வண்டிக்கும் இது பொருந்தும்.

ஐரோப்பா கேக்குறது, மிதிக்கிறீங்களா? அங்கேயும் 250 வாட், 25 கிலோமீட்டர்தான். ஆனா மிதிச்சாத்தான் மோட்டார் உதவணும். மிதிக்காம த்ராட்டில்ல முழு வேகம் போனா அது மொபெட். நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேணும்.

துபாய் முதல்ல கேக்குறது, யாரு, எங்கே? 2022-ல் வந்த 13-ஆம் எண் தீர்மானப்படி 16 வயசு ஆகாதவங்க ஈ-பைக், ஈ-ஸ்கூட்டர் ரெண்டையும் தொடக் கூடாது. ஸ்கூட்டருக்கு ஆர்டிஏ பெர்மிட் வேணும், ஆன்லைன்ல இலவசம். டிரைவிங் லைசென்ஸ் இருந்தா அதுவே போதும். 2023-ல் ஸ்கூட்டருக்குத் திறந்த பகுதிகள்ல அல் கூஸ் 4-ம் ஒண்ணு.

சிக்கல் அங்கேதான். அல் கூஸுக்கு ஒரு பக்கம் ஷேக் சாயித் ரோடு, மறுபக்கம் அல் கைல் ரோடு. வேக வரம்பு 60-ஐத் தாண்டின ரோட்டுல ஓட்டினா 300 திர்ஹாம் அபராதம். அபராதத்தை விடுங்க, அங்கே லாரிக்குப் பக்கத்துல 25-ல போறது உயிரோட விளையாடுறது.

அதனால "1000 வாட், அன்லாக் பண்ணித் தர்றோம்"னு கடைக்காரர் சொன்னா மயங்காதீங்க. மோட்டார் மேல இருக்குற எண்ணைப் படிங்க. அப்புறம் வீட்டுல இருந்து வேலை வரைக்கும் சைக்கிள் பாதை இருக்கான்னு மேப்ல பாருங்க. பாதை இல்லேன்னா பஸ்தான், மக்களே.