பெட்டி பெட்டியா வாங்குறாங்க... பிரிக்க நேரமில்லை! - ஜப்பானியர்களின் 'ட்சுமிபுரா' கதை

ஜப்பானில் நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் அலமாரியைத் திறந்தால், சட்டைகளுக்குப் பின்னால் பிரிக்காத ரோபோ பொம்மைப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கலாம். இதற்கு அங்கே தனிப்பெயரே உண்டு... 'ட்சுமிபுரா'!

'ட்சுமி' என்றால் குவியல். 'புரா' என்பது பிளாஸ்டிக் மாடலின் சுருக்கம். ஜப்பானிய மொழியில் 'ட்சுமி' என்று உச்சரிக்கும் இன்னொரு சொல்லுக்குக் குற்றம், பாவம் என்று அர்த்தம். மனைவிக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்துவைப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தும்!

தோற்றுப்போன தொடர்

இந்தப் பெட்டிகளில் அதிகம் இருப்பது 'கன்டாம்' ரோபோ. 1979 ஏப்ரலில் யோஷியுகி டோமினோ இயக்கத்தில் தொடங்கிய அனிமேஷன் தொடர் அது. வாராவாரம் வில்லனை அடித்து நொறுக்கும் ரோபோக்களைப் பார்த்துப் பழகிய குழந்தைகளுக்கு இது புதுசு. நாயகன் அமுரோவுக்கு வயது 15. போரே பிடிக்காத பையன். எதிரி முகாமிலும் அழுகிறவர்கள் இருந்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கு ஒட்டவில்லை. பார்வையாளர்களும் குறைவு. 52 வாரம் ஓடவேண்டிய தொடர், 43-லேயே முடித்துவைக்கப்பட்டது.

காப்பாற்றிய 300 யென்

மறுஒளிபரப்பில்தான் தொடருக்கு ரசிகர்கள் பெருகினார்கள். 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் கன்டாம் மாடல் பெட்டியை வெறும் 300 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாக்கெட் மணியில் வாங்கிவிடலாம். பள்ளிப்பிள்ளைகள் கடைகளை மொய்த்தார்கள். 1982-ல் சிபா பகுதியில் ஒரு கடையின் எஸ்கலேட்டரில் நெரிசல் ஏற்பட்டு, பல சிறுவர்கள் காயமடையும் அளவுக்குப் போனது மோகம்.

'கன்பிளா' என்று செல்லமாக அழைக்கப்படும் இந்த மாடல்களுக்கு ஆரம்பத்தில் பசையும் பெயின்ட்டும் வேண்டும். இப்போது பாகங்கள் நிறத்தோடே வருகின்றன. சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து, ஒன்றோடொன்று அழுத்தினால் போதும். எளிய மாடல் ஓரிரு மணி நேரத்தில் முடியும். நுணுக்கமானவற்றுக்குப் பல நாள்கள் ஆகும்.

எங்கே அந்த நேரம்?

சிக்கலே அங்குதான். அன்று வரிசையில் நின்ற பையன்கள் இன்று குடும்பஸ்தர்கள். அதிக வேலையால் நேரும் மரணத்துக்கு 'கரோஷி' என்று பெயர் வைத்த நாட்டில் உழைக்கிறவர்கள். ஓவர்டைம் பொதுவாக மாதத்துக்கு 45 மணி நேரம், வருடத்துக்கு 360 மணி நேரம் என்ற சட்ட வரம்பு, 2019 ஏப்ரலில்தான் பெரிய நிறுவனங்களில் அமலுக்கு வந்தது.

வேலை முடிந்து திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்து ஒரு பெட்டி வாங்குவது சுலபம். ஆனால் அதைப் பிரித்து, மேஜையில் பரப்பி, நிதானமாக உட்கார ஒரு விடுமுறை நாள் வேண்டுமே? 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று பெட்டி அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதம் அதன்மேல் இன்னொன்று ஏறுகிறது.

சிறுவயதில் நேரம் இருந்தது, காசு இல்லை. இன்று காசு இருக்கிறது, நேரம் இல்லை. ஆனாலும் அந்தப் பெட்டிகளைத் தூக்கிப்போட மட்டும் மனசு வருவதில்லை. என்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காமலா போய்விடும்?